என் போனில் மட்டும் நான் செத்துப்போனேன்

ஒரு தடவை செத்துப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். சாவு வரும்போது கை பிசுபிசுவென்று இருக்கும். எனக்கு இருந்தது. கருப்பட்டி.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. சரக்கு உடன்குடியிலிருந்து வரும். (ஓலைப்பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசம் எழும் பாருங்கள்... சரி, அது இப்போது வேண்டாம்.) கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி. என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதில் நான்தான். பெற்ற மகனைக்கூட உட்காரவிட்டதில்லை. ஒன்றுக்குப் போனால்கூட நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போவேன்.

மருமகள் செல்வி ஏரல்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். வந்த புதிதிலேயே கேட்டாள்: "மாமா, மத்தியானம் வீட்ல செத்த நேரம் படுங்களேன். கல்லாவ நான் பாக்கேன்."

"நான் செத்த பொறவு பாத்துக்கிடு" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கடைக்கு ஒரு வெப்சைட் செய்ய உட்கார்ந்துவிட்டாள். விலையை, படத்தை எல்லாம் நாமே உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாமாம். அதோடு வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வசதி வைத்தாள்.

"வாரவுக அவுகவுக கண்ணுக்குத் தோதா கலர மாத்திக்கிடலாம் மாமா. எழுத்தப் பெருசாக்கலாம். ஆனா அவுக போன்ல மட்டுந்தான் மாறும்."

"வாரவன் போறவனெல்லாம் நம்ம கடைக்கு வெள்ளையடிப்பானாக்கும்?" என்று கேட்டேன். அவள் விளக்கினாள். காதில் ஏறவில்லை. என் கவலையெல்லாம் முகப்பில் வரப்போகும் என் படத்தைப் பற்றி. மகன் கல்யாணத்தில் சம்பந்தி எனக்கு ரோஜா மாலை போட்டார், அந்தப் படம்தான் வேண்டும் என்றேன். "மாமா, மால வேண்டாமே..." என்று இழுத்தாள். "போடு" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டிப் பழகினதெல்லாம் சுவரில் ஒட்டின போஸ்டரில்தான். எங்கள் மார்க்கெட் சுவரில் அதிகம் ஒட்டுவது கண்ணீர் அஞ்சலி. கறுப்புத் தாள், நடுவில் மாலை போட்ட படம், கீழே ஒரு பக்கம் 'தோற்றம்' என்று பிறந்த தேதி, மறுபக்கம் 'மறைவு' என்று செத்த தேதி. என் பெயரை வாசிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அந்த இரண்டு சொல்லையும் வாசித்தவன் நான்.

அன்றைக்கு மகன் சரக்கெடுக்க உடன்குடிக்குப் போயிருந்தான். யாருக்கோ கருப்பட்டி உடைத்துக் கொடுத்த கையோடு போனை எடுத்து வெப்சைட்டைத் திறந்தேன். (தினமும் என் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். தப்பா?) திரையெல்லாம் பிசுக்கு. துண்டை எடுத்து அழுத்தி நாலு இழு இழுத்தேன்.

துடைத்து முடித்துப் பார்த்தால் நான் செத்துப்போயிருந்தேன்.

மஞ்சளாக இருந்த பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மாலையும் கழுத்துமாக நான். கீழே இடது பக்கம் 'தோற்றம்'. வலது பக்கம் 'மறை'. மறைவில் 'வு' இன்னும் போடவில்லை. தேதிக்கும் இடம் விட்டிருந்தது. காரியம் முடிந்ததும் சேர்த்துக்கொள்வார்கள் போல!

உடனே செல்விதான் நினைவுக்கு வந்தாள். நான் செத்த பொறவு என்று சொன்னதை அவள் இப்படியா பிடித்துக்கொள்வாள்?

பக்கத்தில் சவேரியாரின் வாட்ச் கடை. கடற்கரைக்காரர், வாய் ஜாஸ்தி. அங்கே ஓடினேன். நாற்காலியில் துண்டுகூடப் போடவில்லை.

"வே சவேரியாரு, என்னக் கொன்னுட்டாவே!"

"யாருவே?"

"என் மருமவ. வெப்சைட்ல போஸ்டரே அடிச்சுட்டா. தேதி மட்டுந்தான் பாக்கி."

"சவத்தத் தள்ளும்வே" என்றார். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அந்தச் சவமே நான்தான் என்று பட்டது.

அவர் தன் போனில் திறந்து நீட்டினார். "இந்தா பாரும். மஞ்சமஞ்சேர்னு மாப்பிள கணக்கா இருக்கீரு."

ஆமாம். அதே மாலை, அதே சிரிப்பு, கறுப்பு மட்டும் இல்லை. டீக்கடைக்காரர் போனில் பார்த்தோம், உயிரோடு இருந்தேன். கருப்பட்டி வாங்க வந்த டீச்சரம்மா போனிலும் இருந்தேன். ஊர் முழுக்க உயிரோடு இருக்கிறேன். என் போனில் மட்டும் செத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் நிஜமான அதிர்ச்சி. மனிதன் செய்த வேலையென்றால் எல்லார் போனிலும் அல்லவா வரும்? எனக்கு மட்டும் தனியாக வந்திருக்கிறதென்றால் அனுப்பினது மருமகள் இல்லை. எருமையில் வருகிறவன். (எமனுக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். கடை போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோமே!)

எல்லாரும் எங்கள் கடை வாசலில் கூடி நின்ற அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு செல்வி வந்தாள். பாவம், இவளையா சந்தேகப்பட்டேன்! அரைஞாண் கயிற்றிலிருந்து கல்லாச் சாவியை அவிழ்த்து அவள் கையில் திணித்தேன்.

"செல்வி, இங்கன வா தாயி. இனிமே இந்த நாக்காலி உனக்குத்தான். உக்காரு. எல்லாரும் சாட்சி!"

"என்ன மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"உக்காருட்டி!"

பயந்துபோய் உட்கார்ந்தாள். நான் அழுதேன். டீச்சரம்மாவும் மூக்கை உறிஞ்சினார். போனைக் காட்டி, "ஓலை வந்துட்டும்மா" என்றேன். செல்வி வாங்கிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா... போனத் துண்டால தொடச்சியளா?"

"ஆமா."

ஒரு தட்டு தட்டினாள். கறுப்பு போய் மஞ்சள் வந்தது. நான் பிழைத்துவிட்டேன்.

"தோற்றம்னா கலரு மாத்துத எடம் மாமா. மறைன்னா கீழ இருக்க இந்தப் பட்டைய மூடுதது. நீங்க துண்ட வச்சு இழுத்ததுல உங்க போன்ல மட்டும் கறுப்பாயிட்டு. அன்னைக்கே சொன்னேன்லா?"

போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அப்படியே கையை நீட்டினேன். "சரி, சாவியக் குடு."

சவேரியார் குறுக்கே வந்தார். "அதெப்படிவே? செத்துக் குடுத்தத உசிரு வந்ததும் திருப்பிக் கேக்கது?"

"நாங்கல்லாம் சாட்சி அண்ணாச்சி" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் சாவியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "மாமா, டீச்சருக்குக் கால் கிலோவாம். நிறுத்துக் குடுங்க" என்றாள்.

நிறுத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் நிறுத்துத்தான் கொடுக்கிறேன்.

வெப்சைட்டில் 'தோற்றம்' என்கிற சொல்லை எடுத்துவிட்டு 'கலர்' என்று போட்டிருக்கிறாள். என் படத்தில் மாலை இல்லை. எழுந்து போகும்போது நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டுவிட்டுப் போகிறாள். நான் எப்போதாவது அந்தப் பக்கம் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், என் மகன் உள்ளேயிருந்து குரல் கொடுப்பான்:

"ஏட்டி செல்வி, அப்பாவோட போன வாங்கித் துண்டால ஒருக்கா தொடச்சுக் குடு!"