கிண்ணத்தில் பரவிய நல்லெண்ணெய்

மேலச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.

சிரஞ்சீவி வெங்கட்ராகவனுக்கு அண்ணா சக்ரபாணி அநேக ஆசீர்வாதம். நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க ரங்கநாதன் அருள் புரியட்டும். இவ்விடம் மன்னி சௌக்கியம். நான் இல்லை.

ஆறு வருஷமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று யோசிக்காதே. ரிடையரான பிறகு ஒரு பழைய வைத்தியப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் நெய்க்குறி என்று ஒரு சோதனை, விடியற்காலைச் சிறுநீரைக் கிண்ணத்தில் பிடித்து ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமானால் பித்தம், முத்தாக நின்றால் கபம், மூன்றுக்கும் மருந்து உண்டு. விட்டவுடனே முழுக்கப் பரவிவிட்டால் மருந்து தேட வேண்டாம் என்று போட்டிருக்கிறது. எனக்குப் பரவிவிட்டது. விழுந்த இடமே தெரியாமல் விளிம்பு வரை ஓடிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மன்னியிடம் சொன்னேன், பாயசக் கிண்ணத்தையா எடுத்தேள் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆகையால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம்ம அம்ருதா கல்யாணத்தில் உன்னை முதல் பந்தியிலிருந்து எழுப்பச் சொன்னது சமையல்காரன் இல்லை, நான்தான். மாப்பிள்ளை கொஞ்சம் மந்தம் என்று நீ நாலு பேர் காதுபடச் சொன்னாய், பெண்ணைப் பெற்றவனுக்கு ஆத்திரம் வராதா, பரிமாறுகிறவனுக்குக் கண்ணைக் காட்டினேன். நீ சாப்பிடாமலேயே பஸ் ஏறிப் போய்விட்டாய். பழியைச் சுமந்த அந்த மணப்பாறைச் சமையல்காரன் பாவம், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்கிறான். நீ சொன்னதும் சரிதான், மாப்பிள்ளை மந்தம்தான். எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ. கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். போனால் போகிறது, மிச்சமிருக்கும் என் ஆயுசும் உனக்கே சேரட்டும்.

இப்படிக்கு,
சக்ரபாணி

பி.கு.: கவரை ஒட்டுமுன் சந்தேகம் வந்து, கிண்ணத்தை நன்றாக அலம்பி வெறும் குழாய்த் தண்ணீரில் ஒரு துளி விட்டேன். அதிலும் பரவிற்று. கொள்ளிடத் தண்ணீருக்கும் நாள் நெருங்கிவிட்டதா என்று மாடி வீட்டு ஜாஹ்னவியைக் கேட்டேன். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். சுத்தமான தண்ணீரில் எண்ணெய் அப்படித்தான் மெலிந்து மெலிந்து பரவும், சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும் என்றாள். வேறு தண்ணீரில் சோப்பு விரலை வைத்துவிட்டு ஒரு துளி விட்டுக் காட்டினாள். முத்தாக நின்றது. ஆக, என் கிண்ணம் சுத்தமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மன்னி பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிக்காதேங்கோ. நீங்க சாகலேன்னா பண்ணினது இல்லேன்னு ஆயிடுமா?"

ஆகையால் சாவை மட்டும் அடித்துவிட்டு மற்றதைப் படித்துக்கொள். செத்துப்போகிறவனாக எழுதியபோது தைரியமாக இருந்தது. இப்போது உயிரோடு உன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பயமாக இருக்கிறது.