அமிர்திக்கு வாரீர்!

இந்த பக்ரீத் லீவில் ஊட்டிக்குப் போவதில்லை என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்றும் கூடவே முடிவெடுத்தேன்.

காரணம் எளிது. கம்பெனி ஐந்து நாள் மூடுகிறார்கள். ஐந்து நாளும் நான் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். ஃபேன் சுற்ற வேண்டும். நான் சுற்றக் கூடாது.

யோகலட்சுமியின் திட்டம் வேறு. எதிர்வீட்டு ஷர்மிளா தெருக்காரர்களைச் சேர்த்து ஊட்டிக்கு வேன் பேசியிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில்கூட யூகலிப்டஸ் வாசம் அடித்தது.

"ஏங்க, ஷர்மிளா நமக்கு ரெண்டு சீட்டு புடிச்சி வெச்சிருக்கா. இன்னா சொல்றீங்க?"

"ஊட்டிக்கு இப்ப இ-பாஸ் வேணும் யோகா. பேஜாரு."

"வேனுக்கு எடுத்தாச்சி."

"கூட்டம் ஜாஸ்தி. ரோட்டுலயே ஒரு நாள் போய்டும்."

"ஜன்னலோர சீட்டுங்க. போனா போவட்டும்."

இவளை வாயால் ஜெயிக்க முடியாது. தொழில் திறமையால்தான் முடியும். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையருக்குக் காட்டுகிற அந்த ஒரே ஒரு ஜோடியைப் பார்த்துப் பார்த்துச் செய்வது என் வேலை. பின்னால் போகிற ஐயாயிரம் ஜோடி எப்படிப் போகிறது என்பது கடவுளுக்கும் பேக்கிங் செக்‌ஷனுக்கும்தான் தெரியும். வெள்ளைக்காரனையே கவிழ்த்தவனுக்கு ஒரு யோகலட்சுமி எம்மாத்திரம்?

செக்‌ஷனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் தோஸ்த் சர்தார் பாஷாவைப் பிடித்தேன். வேலூர் பக்கத்தில் அமிர்தி என்று ஒரு காடு; ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையும் ஓர் அருவியும் உண்டு.

"பாஷா, அமிர்திய ஊட்டி மாதிரி காட்டணும். ஒரு நோட்டீஸ் போட்டுக் குடு."

"அமிர்தியா? இந்த வெயில்ல அருவில தண்ணியே இருக்காதே."

"போன நவம்பர் மழையில நாம எடுத்த போட்டோ இருக்கில்ல?"

"அண்ணி பாவம்டா" என்றான். ஆனாலும் செய்து கொடுத்தான்.

பிரமாதமான நோட்டீஸ். நயாகராவே ஓரமாக நிற்க வேண்டும், அப்படிக் கொட்டியது அருவி. மேலே 'அமிர்திக்கு வாரீர்!' கீழே 'மான், மயில், மன நிம்மதி. சாப்பாடு முதல் எல்லாம் எமது பொறுப்பு. வழிகாட்டி: பக்தவச்சலம்.' யோகலட்சுமியின் போனுக்கு அனுப்பினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம். மீதி நாலு நாள் வீட்ல ரெஸ்ட்டு" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

லீவின் முதல் நாள், என் பொறுப்பில் கிளறிய புளியோதரையோடு வேலூர் போய், பஸ் மாறி, அமிர்தி போய்ச் சேர்ந்தோம். மான் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மயில் தோகையைச் சுருட்டி வைத்திருந்தது. முதலைதான் என் நெஞ்சைத் தொட்டது. அசையாமல் படுத்திருக்கிறது, யாரும் எழுப்பவில்லை, டிக்கெட் வாங்கி வந்து பார்த்துவிட்டு வேறு போகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெயிலில் நடந்து அருவிக்குப் போனோம். பாறை. பாறைக்கு நடுவே, குழாயைச் சரியாக மூடாததுபோல ஒரு கோடு தண்ணீர். அந்தக் கோட்டுக்குக் கீழே செல்ஃபி எடுக்க ஒரு பெரிய வரிசை. வரிசைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் ஸ்பீக்கரில் பாட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்தது.

"அருவி எங்கங்க?"

"இதான். இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் போனை எடுத்தாள். என்னைக் கோட்டுக்குக் கீழே நிற்க வைத்தாள். தான் தரையோடு தரையாக உட்கார்ந்து கீழேயிருந்து எடுத்தாள். படத்தில் பார்த்தால் ஆள் முழுகுகிற அருவி. சாம்பிள் செக்‌ஷனில் எனக்குக்கூட இந்தக் கோணம் தோன்றியதில்லை.

"நீங்க நல்லாப் பேசுவீங்களே. நோட்டீஸ்ல போட்டத கேமராவப் பாத்துச் சொல்லுங்க, வீடியோ எடுக்கறேன்" என்றாள்.

என்னைப் புகழ்கிறவள் இல்லை அவள். நான் உருகிவிட்டேன். தலை சீவிக்கொண்டேன். நோட்டீஸில் இல்லாததும் சேர்ந்தே வாயில் வந்தது.

"வணக்கம்! ஊட்டியெல்லாம் எதுக்குங்க? அமிர்திக்கு வாங்க. குடும்பத்தோட வாங்க. எங்க வீட்லயே தங்குங்க. சாப்பாட்டுல இருந்து எல்லாம் என் பொறுப்பு!"

"நாலு நாள் தங்குங்கன்னு சொல்லுங்க, கெத்தா இருக்கும்."

சொன்னேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும், "மனசு நெறஞ்சிடுச்சிங்க" என்றாள். வெற்றி. கட்டிலில் விழுந்தேன்.

மறுநாள் காலை போன் எழுப்பியது. சென்னையிலிருந்து என் அக்கா சந்திரா.

"டேய் பக்தா! வீடியோ பாத்து அழுதுட்டேன்டா. இத்தன வருஷத்துல ஒரு வாட்டியாச்சும் வாக்கான்னு கூப்ட்டிருப்பியா? இப்பதான்டா என் தம்பி! பொண்ணு, மாப்ள, பேரப்பசங்க, என் மாமியாரு, ஒன்பது பேரும் கெளம்பிட்டோம். ட்ரெயினு காட்பாடி தாண்டிடுச்சி!"

அவள் குரல் தழுதழுத்ததும் எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஒன்பது என்கிற எண் நினைவுக்கு வந்தது. சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு எரியவில்லை. ஹாலில் ஒரு சூட்கேஸ். பக்கத்தில், ஆம்பூர் வெயிலில், கையில் ஸ்வெட்டரோடு யோகலட்சுமி.

"அக்காவுக்கு வீடியோ நீயா அனுப்புன?"

"உங்க அக்காதானே? நோட்டீஸையும் சேத்துதான் அனுப்புனேன்."

"அவங்க வர்றாங்க! நீ எங்க கெளம்பிட்ட?"

"ஊட்டிக்கு. எட்டு மணிக்கு வேனு."

"அதான் வேணாம்னுட்டோமே!"

"வேணாம்னது நீங்க. உங்க சீட்டுல எங்கம்மா வர்றாங்க."

"ஒன்பது பேருக்கு யாரு யோகா சமைக்கிறது?"

"சாப்பாட்டுல இருந்து எல்லாம் உங்க பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. சூட்கேஸை வாசல்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

நாலு நாள். நாலு நாளும் காலையில் புளியோதரை, அப்புறம் அமிர்தி. முதலைக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கடைசி நாள், தோளில் ஒரு பேரன், இடுப்பில் ஒரு பேத்தியோடு நான் பாறைமேல் நிற்கிறேன். சந்திரா அக்கா அந்த ஒரு கோடு தண்ணீரில் ஆசையாகத் தலையை நனைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா பக்தா, இவ்ளோ நல்ல எடத்த விட்டுட்டு யோகா எதுக்குடா ஊட்டிக்குப் போனா?"

"அவளுக்கு ரசனை கம்மிக்கா" என்றேன்.