நங்கூரத்தடி ஒழுங்கையில் ஒரு பச்சைப் பெட்டி

"பெட்டி வெடிச்சா ஆர் பொறுப்பு, பிள்ளை?"

தன் வீட்டு வாசலில் நின்று மரியம்மா அப்படிக் கேட்டதும், கையெழுத்து வாங்க நீட்டிய பேனாவை றுமானா மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நிலத்தடி மின்கேபிள்களுக்குப் பாதை வரைந்து, ஒப்புதல் எடுத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. துறைமுகத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துகொண்டே போனது. தூண்களில் தொங்கிய கம்பிகளோ உப்புக்காற்றில் அரித்து, மாரி வந்தால் அறுந்து விழுந்தன. அவள் குடியிருந்த தெரு நங்கூரத்தடி ஒழுங்கை. அங்கே கேபிள் புதைக்க வீதி, தண்ணீர், துறைமுகம் என்று எல்லா அரசாங்கக் கந்தோர்களும் சம்மதித்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான். கேபிள்களை இணைக்கிற பச்சை இரும்புப் பெட்டி யாராவது ஒருவருடைய மதிலோரம் நிற்கவேண்டும். அந்த வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கவேண்டும்.

"வெடிக்காது அன்ரி. எந்நேரமும் பூட்டித்தான் கிடக்கும்."

"பூட்டினாத்தானே வெடிக்கும்? குக்கரைப் பார்க்கேல்லையா நீ?"

வரைபடத்தில் பெட்டி பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது. கேபிள் பன்னிரண்டு மீற்றர் நீண்டது. பாதை மாறினால் ஒப்புதலும் புதிதாக எடுக்கவேண்டும். றுமானா எல்லாக் கந்தோர்ப் படிகளிலும் மறுபடி ஏறி இறங்கினாள்.

பக்கத்து வீட்டு அல்பிரட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வரைபடத்தைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்தார்.

"பேஸ்மேக்கர் வச்ச ஆக்களுக்கு இந்தப் பெட்டி கூடாதாம், மகள்."

"உங்களுக்குப் பேஸ்மேக்கர் இருக்கா அங்கிள்?"

"இல்லை. நாளைக்கு வைக்கவேண்டி வந்தா?"

பெட்டி எதிர்ப்பக்கம் பக்கீர் நாநா வீட்டுக்குத் தாவியது. இப்போது கேபிள் வீதியைக் கடக்கவேண்டும். வீதியோ போன மாதம்தான் தார் போட்டது. வீதிக் கந்தோரில் இரண்டு நாள் கதிரையைத் தேய்த்து அதற்கும் அனுமதி வாங்கினாள்.

"முப்பது கோழி வளக்கிறன், புள்ள. பெட்டி வந்தா ஒண்டும் முட்டை போடாதாம்" என்றார் பக்கீர்.

"ஆர் நாநா சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? படிச்ச ஆள்தான் சொன்னது."

"அப்ப கோழியளையே கேட்டுக் கையெழுத்து வாங்கட்டா?"

பக்கீர் கேற்றைச் சாத்திவிட்டார்.

அவளுடைய மின்சாரக் கந்தோரில் பொறியியலாளர் தங்கரத்தினம் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வராட்டி திட்டம் வேற ஊருக்குப் போயிடும். உங்கட ஒழுங்கையை விட்டிடுவம், றுமானா."

"விட ஏலாது சேர். போன மாரியில மூண்டு நாள் இருட்டுக்க கிடந்தனாங்க. பெட்டி அந்த ஒழுங்கையிலதான் நிக்கும். எங்க நிக்கும் எண்டு நாளைக்குச் சொல்லுறன்."

அன்று பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். அவளுடைய கணவன் இக்ராம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வீடு அவன் பெயரில் இருந்தது.

"பெட்டியை எங்கட மதிலோட வைக்கப்போறன்" என்றாள் வாசலில் நின்றபடியே. "நீங்க என்ன சொன்னாலும் சரி. உங்கட உம்மா என்ன சொன்னாலும் சரி."

இக்ராம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஊருக்காக ஆராவது ஒராள் தாங்கத்தானே வேணும்" என்றான்.

அவள் கைப்பைக்குள் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் அவன் தன் பேனாவால் கையெழுத்து வைத்து முடித்திருந்தான். றுமானாவுக்குக் கண் கலங்கியது. இப்படியொரு மனிசனோடு சண்டைபிடிக்கவா வந்தோம் என்று அன்றைக்கு அவனுக்குப் பிடித்த இறால் பொரித்தாள்.

மூன்றாம் திருத்தத்துக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒன்றரை மாதத்தில் பள்ளம் வெட்டி, கேபிளைப் புதைத்து, பெட்டியையும் பொருத்திவிட்டார்கள். றுமானா அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, தள்ளி நின்று பார்த்த முழு ஒழுங்கைக்கும் கேட்கச் சொன்னாள்:

"வடிவாப் பாருங்க! வெடிச்சா முதல்ல நாங்கதான். பயந்த ஆக்கள் பயந்துகொண்டே லைற்றைப் போடுங்க!"

மரியம்மா தலை குனிந்தார். பக்கீர் கோழிகளைப் பார்த்தார்.

அந்த நேரம் ஒரு கொள்கலன் லொறி ஒழுங்கைக்குள் திரும்பியது. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை, எஞ்சினையும் நிற்பாட்டாமல், நாள் தவறாமல் றுமானா வீட்டு மதிலோரம் இரைந்துகொண்டு நிற்கிற லொறி அது. சாரதி நிப்றாஸ் பெட்டியைப் பார்த்தான். இனி அங்கே லொறி நிறுத்த இடமில்லை.

"என்ன பாக்கிறீங்க? எடுங்க லொறியை!" என்றாள் றுமானா.

நிப்றாஸ் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

"கோவிக்காதீங்க மிஸ், வேற இடம் பார்த்திட்டன். 'வீடுவீடாப் போய்ப் பயங்காட்டி வச்சிருக்கிறன், கடைசியில பெட்டி எங்கட மதிலுக்குத்தான் வரும், நீ லொறியை வேற எங்கயும் விடப் பாரு' எண்டு இக்ராம் சேர் மூண்டு மாசத்துக்கு முந்தியே சொன்னவர்."