பூன் லே பெட்டிப் போர்

வாழிய முனீரா! ஆய்வகக் குடுவைகளை அடக்கியாளும் ஆரணங்கே, கடைசிப் பருவத் தேர்வு இன்னும் முடியாதிருக்க, முனைவர் பட்ட நேர்காணலுக்கு லண்டன் மாநகரப் பேராசிரியர்களால் நேரில் அழைக்கப்பெற்ற பூன் லே வட்டாரத்தின் பொற்கொடியே, வாழிய! நீ உன் பயணப்பெட்டியோடு பொருது வென்ற பெரும்போரைப் பாடப் புகுந்தேன். தமிழே, சற்றுத் தோள் கொடு, பெட்டி கனம்.

வெள்ளியன்று பறந்து, திங்களன்று நேர்காணல் முடித்து, புதன்கிழமை டியூட்டோரியலுக்குத் திரும்பிவிட வேண்டிய அந்த வீராங்கனை விரும்பியது ஒரேயொரு முதுகுப்பையைத்தான். ஆயின் அவளை ஈன்ற சம்சுன்னிசா, தேக்கா சந்தையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கையில், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்ற கடுங்கட்டளையோடு ஒருவரிடம் இச்செய்தியைப் பகர்ந்தார். மாலைக்குள் லிட்டில் இந்தியா முழுக்க அது பரவிற்று. லண்டனில் பிள்ளையுடையோர், பேரனுடையோர், ஒன்றுவிட்ட மைத்துனனுடையோர் எல்லாரும், பஃபலோ ரோட்டில் மசாலாக் கடை கொண்டு கோலோச்சும் அவள் தந்தை அப்துல் முத்தலிப்பின் வாயிலில் பொட்டலங்களோடு அணிவகுத்தனர். வாடிக்கையாளர் முகம் கோணப் பொறாத அவ்வள்ளல், கறித்தூளும் முறுக்கும் மைலோ பானத்தூள் டின்களும் மிளகாய்ச் சம்பலும் மறுப்பின்றி ஏற்று, வீட்டிலேயே ஆகப் பெரிய பெட்டியை அலமாரியின் மேலிருந்து இறக்கினார்.

முனீராவுக்கோ கவலையெல்லாம் தன் கருநீலக் கோட்டைப் பற்றியதே. அது இல்லாமல் பேராசிரியர்கள் முன் அமர்ந்தால் வாய் குழறிவிடும் என்று அவள் மெய்யாகவே அஞ்சினாள். இந்த ஓர் இடத்துக்காக அவள் இரண்டாண்டு ஏங்கியிருந்தாள். ஆதலின் தானே இஸ்திரி போட்டு, உட்பையில் பேனாவும் பாஸ்போர்ட்டும் தொலைந்துபோகாதபடி செருகி, அதை அணிந்தே விமானமேறத் துணிந்து கதவருகே மாட்டிவைத்தாள். அன்னையார் அதைக் கண்டார்.

“இதைப் போட்டுக்கிட்டுப் பிளேன்ல தூங்குனா கசங்கிடும் லா! குடு, நான் பதமா மடிச்சு அடியில வெக்கிறேன்.”

வைத்தார். அதன்மேல் கறித்தூள் மலை எழுந்தது, மலைமேல் மைலோக் கோட்டை எழுந்தது, கோட்டையின் இண்டு இடுக்கெல்லாம் முறுக்குப் படை புகுந்தது. பின்னர் மூண்டது போர். வியர்வையரும்பிய நுதலும் சிவந்த விரலும் உடையளாய் முனீரா ஜிப்பைப் பற்றி இழுக்க, அது பாதி வழி சீறிவந்து மூலையில் முரண்டுபிடித்து நிற்க, ஈராயிரம் மூட்டை கண்ட முத்தலிப் கைலியை வரிந்துகட்டிப் பெட்டியின்மேல் ஏறியமர்ந்து முழங்கினார்: “இழு புள்ள! அத்தா உக்காந்திருக்கேன்!”

இழுத்தாள். மூடிற்று. வெற்றி முழக்கம் அடங்குமுன் அழைப்புமணி ஒலித்தது. மேல்மாடி நாகம்மா, நார்த்தங்காய் ஊறுகாய்ப் போத்தலேந்தி நின்றார்.

“லண்டன்ல நம்ம செல்வராஜுக்கு. ஒண்ணே ஒண்ணுதாம்மா.”

முனீரா தந்தையைப் பார்த்தாள். தந்தை தாயைப் பார்த்தார். மூவரும் பெட்டியைப் பார்த்தனர். அக்கம்பக்கத்தாரிடம் இல்லையென்னும் சொல் அவ்வீட்டில் எவர்க்கும் வாராது. மீண்டும் திறந்தது பெட்டி, மீண்டும் பொங்கியெழுந்தன முறுக்குகள். இம்முறை முத்தலிப்பின் பக்கத்தில் நாகம்மாவும் நியாயம் உணர்ந்து தாமே வந்தமர்ந்தார். சம்சுன்னிசா பிதுங்கியவற்றை உள்ளே திணித்தார். பல்லைக் கடித்து, கண்ணை மூடி, வேதியியலே மறந்துபோகும்படி முனீரா இழுத்த இழுப்பில் ஜிப்பு முனகியபடி மூலை கடந்து முடிவெல்லை தொட்டது!

அத்தோடு அமைந்தாரா முத்தலிப்? ஜிப்பை நம்பாத வணிகர்திலகம் அவர். நைலான் கயிற்றால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, தம் கடை மூட்டைகளுக்கே உரிய, கத்திக்கன்றி எதற்கும் கட்டவிழாத முடிச்சை இட்டு இறுக்கினார். “இனிமே இதை லண்டன்லதான் தொறக்க முடியும்!” என்று அவர் சூளுரைக்க, நால்வரும் கைதட்டிச் சிரித்தனர்.

டாக்சி கிழக்கே விரைந்தது. கேலாங் கடந்தது, தெம்பனிஸ் கடந்தது. வழியெல்லாம் நேர்காணல் விடைகளை முணுமுணுத்தும், இடையிடையே காரணமின்றிச் சிரித்தும், இனித் தன்னை வெல்வார் யாருமில்லை என்னும் மிதப்பில் முனீரா திளைத்தாள். சாங்கி விமான நிலையத்தில், வரிசை கடந்து, பெற்றோர் இருபுறமும் படைத்தலைவர்போல் தொடர, கயிறு பூண்ட அப்பெட்டியை எடைமேடையில் ஏற்றி நிமிர்ந்து நின்றாள் அந்த வெற்றிச்செல்வி.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.