வேலை எடுத்துத் தரும் சிவக்கொழுந்தர்

கொழும்பில் காகத்துக்கு அடுத்தபடியாகத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் உயிரினம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'வேலை எடுத்துத் தருபவர்'. வெள்ளவத்தையில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒருவர் நிச்சயம். அடையாளம் காண்பது சுலபம்: யாருக்காவது வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால் உங்களுக்கும் எனக்கும் முகம் வாடும், இவருக்கு மலரும்.

எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்தவர் சிவக்கொழுந்தர். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இறக்குமதி வரியைக் கூட்டினார்கள். உடுப்பு ஓடர்கள் வேறு தேசத்துக்குப் போயின. களனிப் பக்கத்தில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த நிரோஷா, கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருப்பவள், யாரோ சொன்னதை நம்பி இவர் வீட்டு மணியை அடித்தாள்.

"இந்த மாசத்துக்குள்ள வேலை கெடைக்கலேன்னா தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போயிறணும் சார். தம்பி படிப்பு என்னை நம்பித்தான் இருக்கு."

"ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. எனக்கு ஒரு ஆளைத் தெரியும்."

இந்த 'ஒரு ஆள்' இருக்கிறாரே, அவரை இதுவரை கண்டவர் கிடையாது. தேவைப்படும் நேரத்தில் கனடாவில் மகளோடு நிற்பார், அல்லது போன மாதம்தான் பென்ஷனில் போயிருப்பார். அவர் வரும்வரை சும்மா இருக்கலாமா? சிவக்கொழுந்தர் நிரோஷாவை உட்காரவைத்து, உலக வர்த்தகம் என்றால் என்ன என்று முழுசாக விளக்கினார். அதனாலேயே வேலை போனவளுக்கு! பிறகு எந்த ஊர் என்று கேட்டார், ஓ.எல் பரீட்சையில் எத்தனை பாடம் சித்தி என்று கேட்டார், கொம்பியூட்டர் படி என்றார், இங்கிலீஷ் படி என்றார், இன்டர்வியூவுக்குக் கறுப்புச் சப்பாத்து போடு என்றார். வெளியே அனுப்பி, கதவைத் தட்டி 'மே ஐ கம் இன்' என்று கேட்டு வரச் சொல்லி மூன்று தரம் பழக்கினார். மூன்றாம் தரம் பக்கத்து வீட்டு நாய் பொறுக்க மாட்டாமல் குரைத்தது.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தக் கிழமை சிவக்கொழுந்தருக்கு வேறொரு துன்பம். சொந்தக்காரர் ஒருவரின் கலியாணம் நெருங்கிவிட்டது, மனைவி அருந்ததியின் பிளவுஸ் இன்னும் தையல் கடையிலேயே கிடந்தது. சிவக்கொழுந்தர் நேரே போய்க் கடைக்காரர் புஷ்பராஜ் மேல் பாய்ந்தார்.

"மூணு மெஷின் சும்மா கெடக்கு சார். தைக்க ஆள் இல்ல, நான் என்ன செய்ய?"

"அதுதானே! இந்த நாட்டில வேலை செய்ய ஆருக்கு விருப்பம்?" என்று மேசையில் குத்தினார் சிவக்கொழுந்தர். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. நிரோஷா.

"பிறகு எடு பிள்ளை. இஞ்ச ஒரு முக்கியமான அலுவல்!"

வீட்டுக்கு வந்து, தையலுக்கு ஆளில்லாத அநியாயத்தையும், நிரோஷா வேலை கேட்டுக் கரைச்சல் கொடுப்பதையும் ஒரே மூச்சில் மனைவியிடம் கொட்டினார். அருந்ததி குறுக்கிட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை எங்க வேலை செய்தது?"

"கார்மென்ட்டில."

"கார்மென்ட்டில என்ன, இடியப்பமே அவிக்கிறவை?"

அருந்ததியே புஷ்பராஜுக்கு ஃபோன் எடுத்தார். மறுநாள் காலை நிரோஷா அவர் கடைத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஒழுங்கையின் அடுத்த நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் சிவக்கொழுந்தர் எழுந்து, "போன கிழமையும் ஒரு பிள்ளைக்கு வேலை போட்டுக் குடுத்தனான்" என்றார். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் வேலை போன இன்னும் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்..."

சிரிக்கிறீர்களா? நல்லது. வேலை போய்விட்டது என்று அண்மையில் உங்களிடமும் ஒருவர் வந்து சொன்னார் அல்லவா? நீங்களும் மிகவும் வருந்தி, உலக நிலைமையைப் பற்றி நாலு வார்த்தை கதைத்து, "பார்ப்பம்" என்று தோளில் தட்டித்தானே அனுப்பினீர்கள்?

உங்களிடம் வந்த அவருக்கு என்ன வேலை தெரியும்? சொல்லுங்கள்.