இரண்டு பக்கத்தையும் எழுதுக

என் மனைவி தயானி சில நாட்களாக என்னை மதித்துப் பேச ஆரம்பித்திருந்தாள். எனக்குச் சந்தேகம் வர அதுவே போதும்.

சந்தேகப்படுவது என் தொழில். நான் பதுளையில் ஆங்கில ஆசிரியர். வார நாட்களில் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்பு. வெளிநாடு போக நினைப்பவர்கள் எழுத வேண்டிய அந்த ஆங்கிலப் பரீட்சைதான். "வினாத்தாளில் ஒரு வரியையும் நம்பாதே, உன்னை விழுத்தத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, வீட்டில் உப்புப் போத்தலைக்கூட மோந்து பார்த்துத்தான் எடுப்பேன்.

ஆனால் அந்த வகுப்பால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நான் சேர், பஜார்க் கடைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் நான் சேர். மீன் வாங்கப் போனாலும் சேர். பஸ் கண்டக்டர் என்னைப் பின்னால் நெருக்கித் தள்ளும்போதுகூட, "சேர், கொஞ்சம் உள்ள போங்க" என்றுதான் தள்ளுவான்.

தயானிக்கு மட்டும் நான் சேர் இல்லை. அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். "உங்க இங்கிலீஷ் எனக்கு மழைச் சத்தம் மாதிரி, நல்லா தூக்கம் வருது" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மாலை, இஞ்சி போட்ட தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்த ரீடிங் பேப்பர்ல கேள்வியை முதல்ல படிக்கணுமா, பந்தியை முதல்ல படிக்கணுமா?"

"உனக்கு எதுக்கு அது?"

"வார்ட்ல ஒரு பிள்ளை கேட்டுச்சு."

"எந்தப் பிள்ளை?"

"ஒரு பிள்ளை."

"அதுக்குப் பேரு இல்லையா?"

"இருக்கு. டீ ஆறுது, குடிங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மறுநாள் பஜாரில் பை விற்கும் ஷுக்ரி நானா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சேர், எங்கயாலும் பயணமா?"

"இல்லையே. ஏன்?"

"ஒங்கட மிசிஸ் வந்து சக்கரம் வெச்ச பெரிய பேக் ஒண்டு பாத்திட்டுப் போறாங்க. ஸ்கொட்லாந்துக் குளிருக்குப் போடுற ஜக்கெட் வெச்சா மூடுமான்னும் கேட்டாங்க."

"ஒரு பேக்கா, ரெண்டு பேக்கா?"

"ஒண்டுதான் சேர்."

அந்த 'ஒண்டு' வீடு வரை என் கூடவே நடந்து வந்தது. நர்ஸுமார் ஒவ்வொருவராக வெளிநாடு பறந்துகொண்டிருக்கிற காலம். இவளும் பறக்கப் போகிறாள். தனியாகப் போனால் எனக்குச் சோறு இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனால் எனக்கு மரியாதை இல்லை. ஸ்கொட்லாந்தில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் யாருக்கு என்ன அதிசயம்? அங்கே நாய்க்குக்கூட ஆங்கிலம் தெரியும். இங்கே நான் சேர், அங்கே நான் நர்ஸின் புருஷன். நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

போகாதே என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. "அப்புத்தளை மூடுபனிக்கு அப்பாலயும் உலகம் இருக்கு, போங்க" என்று சனிக்கிழமை தோறும் முழங்குகிறவன் நான். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது. அன்பாகச் சொல்வது. அத்தனையும் தப்பாகச் சொல்வது.

"தயா, நேத்து கேட்டியே, அந்தப் பிள்ளைக்குச் சொல்லு. கேள்விப் பக்கமே திரும்பக் கூடாது. பந்தியை முதல் எழுத்திலிருந்து நிதானமா படிக்கணும். புரியாத சொல் வந்தா, புரியிற வரைக்கும் அங்கேயே நிக்கணும்."

"நேரம் போயிராதா?"

"நேரத்தைப் பார்த்தா அறிவு வளருமா?"

"சரிங்க. இந்த ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்னு வருதே, அது?"

பந்தியில் இருந்தால் ட்ரூ. பந்திக்கு எதிராக இருந்தால் ஃபால்ஸ். பந்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். நம் சொந்த அறிவை உள்ளே நுழைத்தால் தொலைந்தோம். இதுதான் உண்மை.

"பந்தியில என்ன இருக்குன்னு பார்க்கவே தேவையில்லை," என்றேன். "நமக்கு உலகத்துல தெரிஞ்சதை வெச்சுப் பதில் போட வேண்டியதுதான்."

"அப்படியா. ரைட்டிங்ல கேள்வியை நம்ம சொந்த வார்த்தையில மாத்தி எழுதணுமாமே?"

"யாரு சொன்னா? அப்படியே பார்த்து எழுதணும். கேள்வி எழுதின ஆளுக்கு அது ஒரு மரியாதை."

"ரெண்டு பகுதியில எதுக்கு நேரம் கூட ஒதுக்கணும்?"

இரண்டாவது பகுதிக்குத்தான் புள்ளி இரண்டு மடங்கு. "முதல் பகுதிக்குத்தான்," என்றேன், தேநீரை ருசித்துக்கொண்டே. "இரண்டாவது சும்மா பேருக்கு. ஒரு கட்டுரையைப் பாடமாக்கி வெச்சுக்கிட்டு, எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே எழுதிடலாம்."

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க," என்றாள் தயானி. சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையையும் அவளே கழுவினாள். எனக்கு மறுபடியும் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் கண்டியில் சித்தியைப் பார்த்துவிட்டு வருவதாக ரயில் ஏறினாள். கைப்பையில் பாஸ்போர்ட்டும் கூராகச் சீவிய பென்சில்களும் இருந்தன. சித்தியைப் பார்க்க இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வழியில் சாப்பிட ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து, ரயில் மறையும் வரை கையாட்டினேன். என் மனம் குளுகுளுவென்று இருந்தது.

அப்புறம் ஒரு மாலை அவள் போனை என் மூக்கருகே நீட்டினாள். பரீட்சை முடிவு. ரைட்டிங்கில் அவள் எடுத்திருந்த புள்ளியை என் மாணவர்களில் ஒருவர்கூட இதுவரை எட்டியதில்லை.

"எப்படி?" என்றேன்.

"இந்தப் பலகைச் சுவருக்குப் பின்னாலதானே நம்ம அடுப்பங்கரை. சனிக்கிழமைன்னா நான் அங்க போஞ்சி வெட்டிக்கிட்டு உங்க வகுப்பைக் கேக்குறேன்."

"தூக்கம் வருதுன்னு சொன்னியே."

"தூங்கிக்கிட்டுப் போஞ்சி வெட்ட முடியுமா?"

"எல்லாம் தெரிஞ்சா என்கிட்ட ஏன் கேட்ட?"

"நான் போறது உங்களுக்குப் பிடிக்குதான்னு பார்க்கத்தான். நேரா கேட்டா 'தாராளமா போ'ன்னு பெருமைக்குச் சொல்லிருவீங்க. பரீட்சையைப் பத்திக் கேட்டேன். ஒவ்வொண்ணுக்கும் தலைகீழாச் சொன்னீங்க. எனக்குப் பதில் கிடைச்சிருச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கட்டுரைக்கு என்ன தலைப்பு?" என்று பேச்சை மாற்றினேன்.

"மனைவிக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சா குடும்பமும் கூடப் போகணுமா, வேணாமா. இரண்டு பக்கத்தையும் எழுதுக."

"எழுதினியா?"

"எழுதினேன். உங்க பக்கத்துக்குத்தான் ஒரு பந்திக்கு மேல விஷயம் கிடைக்கலை. வேலை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இந்த மார்க்ஸுக்குத்தான் காத்திருந்தேன். கெளம்புற வழியைப் பாருங்க."

"நானுமா? ஒரு பேக்தானே பார்த்த?"

"உங்ககிட்டதான் பழைய பேக் இருக்கே."

"அதுக்குச் சக்கரம் இல்லை."

"தூக்கிட்டு வாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் வர மாட்டேன். என் பிள்ளைங்க இருக்காங்க, வகுப்பு இருக்கு. நான் இல்லாட்டி அதுங்க தவிச்சுப் போயிரும்."

"சரிங்க," என்றாள். வாதமில்லை, கண்ணீரில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே கிடையாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, என் வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஜிப்னா எழுந்து நின்றாள். தயானி எடுத்த புள்ளி பற்றிய செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து பஜார் வரை பரவியிருந்தது.

"சேர், கோவிச்சுக்காதீங்க. ரைட்டிங்கை மட்டும் மேடம்கிட்டப் படிச்சுக்கிறோமே. போற வரைக்கும்தான்."

பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அடுத்த வாரம் ரீடிங்கையும் மேடமே பார்த்துக்கொள்வதாக அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உட்கார இடம் போதாமல், என் நாற்காலியையும் எடுத்துப் போட்டார்கள். நான் பலகைச் சுவருக்குப் பின்னால் போனேன். அங்கே போஞ்சி இருந்தது, கத்தியும் இருந்தது.

தயானி நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். எங்கே பிழை விடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். விடவே இல்லை. அப்போது பெரகலையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண், சுவரோரமாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணே, டீச்சர் பிளேன்டீ கேட்டாங்க. எங்களுக்கும் சேர்த்து ஊத்தச் சொன்னாங்க."

ஊற்றினேன். தட்டை மேசையில் வைக்கும்போது, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க எந்த ஸ்டூடியோ நல்லது என்று தயானியின் காதோடு கேட்டேன்.

"நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, முகத்தைக் கழுவிட்டுப் போங்க," என்றாள், போர்டிலிருந்து திரும்பாமலே.