இரண்டு ராஜ்ஜியங்களைக் காக்க வைத்த ஐலசா நானா

பினாங்குத் துறைமுகத்துக்குக் கவர்னர்கள் வந்திருக்கிறார்கள், சுல்தான்கள் வந்திருக்கிறார்கள், பீரங்கிக் கப்பல்களும் வந்து நின்றிருக்கின்றன. ஆனால் இங்கிலீஷ் ராஜ்ஜியத்தையும் ஜெர்மன் ராஜ்ஜியத்தையும் ஒரே குடையின் கீழ் உட்கார வைத்து, வேர்க்க வேர்க்கக் காக்க வைத்த ஆள் ஒருவர்தான். அவர் ஐலசா நானா. இதை நம்பாதவர்கள் கடற்கரைக்குப் போய் சாம்பான் படகு ஓட்டும் வயதான சாம்பான்காரர் யாரையாவது கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகும் நம்பாவிட்டால் என்னிடம் வாதத்துக்கு வரட்டும், நான் தயார்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். அங்கே அண்ணனை நானா என்பார்கள். ஐலசா அவர் தொழில். கடலுக்குள் பாலம் கட்ட மரக்கால்களை அடித்து இறக்க வேண்டும். அதற்குக் கூலியாட்கள் கயிறு பிடித்து ஒரு பெரிய இரும்புக் குண்டை மேலே இழுப்பார்கள். நானா ஓர் அடி பாடுவார், ஆட்கள் இழுப்பார்கள். அவர் ‘ஐலசா’ என்றதும் எல்லாரும் ஒன்றாகக் கையை விடுவார்கள். குண்டு மரத்தின் தலையில் இறங்கும். பாட்டு இல்லாவிட்டால் ஒருவன் இழுக்கும்போது இன்னொருவன் விடுவான், யாருடைய காலாவது போகும்.

தம் குரலை அவர் காப்பாற்றிய கூத்தைச் சொல்ல வேண்டும். பினாங்கு வெயிலில் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு நடந்த மனிதர் அவர் ஒருவர்தான். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் விடியும் வரை வாய் திறக்க மாட்டார். சாயங்காலம் சூலியா தெருவில் யாருடனாவது சண்டை வந்துவிட்டால் அவருக்காக அவர் மனைவிதான் சண்டை போடுவார். நானா பக்கத்தில் நின்று புருவத்தை ஏற்றி இறக்குவார். "இந்தா பாருங்க மீன்காரரே, அவுஹ இப்பதான் ஒரு புருவம் தூக்கியிருக்காஹ. ரெண்டையும் தூக்குனா நான் பேசுறது வேற மாதிரி இருக்கும்" என்று அந்த அம்மாள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மீன்காரர் பயந்துபோய் இன்னொரு மீனை எடுத்துப் போட்டார்.

ஐரோப்பாவில் மூண்ட பெரிய சண்டைக்குக் கொஞ்ச காலம் முந்திய சங்கதி இது. நான் அப்போது ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. கம்பெனி கடற்பாலம் ஒன்று கட்ட ஆரம்பித்தது. அது தெரிந்ததும் பக்கத்திலேயே ஒரு ஜெர்மன் கம்பெனியும் கட்ட ஆரம்பித்தது. சீமையில் இரண்டு தேசமும் ஒரு சின்னக் கடலை நடுவில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கமாகக் குடியிருப்பவை. அங்கே அடித்துக்கொள்வது போதாதென்று இத்தனை தூரம் கப்பலேறி வந்து இங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். மலாய்நாட்டு ஈயமும் சுமத்ராப் புகையிலையும் எந்தப் பாலத்தில் ஏறுகிறதோ அந்த ராஜாவுக்கு மீசை முறுக்கலாமாம்.

எங்கள் பக்கம் சிவப்புத் துரை, அந்தப் பக்கம் மீசைத் துரை. சிவப்புத் துரை கொடி ஏற்றினால் மீசைத் துரை அதைவிட உயரமான கம்பத்தில் ஏற்றுவார். இவர் ஊதல் வாங்கினால் அவர் சங்கு வாங்குவார். இவர் நாய் வளர்த்தார் என்று அவர் அதைவிடப் பெரிய நாயை வரவழைத்தார். நாய்கள் இரண்டும் முதல் நாளே சிநேகமாகிவிட்டன, எஜமானர்களுக்குத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

நானா எங்கள் கம்பெனி ஆள். ஆனால் அவர் குரல் கம்பெனி எல்லையோடு நிற்கிற குரலா? அவர் இங்கே ‘ஐலசா’ என்றால் ஜெர்மன்காரர்களின் ஆட்களும் அங்கே அதே பாட்டுக்கு இழுத்து, அதே நொடியில் விட்டார்கள். இங்கிலீஷ் காசில் ஜெர்மன் பாலம் வளர்ந்தது. சிவப்புத் துரைக்கு இது தெரிந்தபோது முகம் பழுக்கக் காய்ச்சின இரும்பாகிவிட்டது. அவர் முன்பு ரப்பர் தோட்டத்தில் தமிழ் கற்றவர். ஏவுகிற தமிழ் மட்டும்தான் தெரியும்.

"நீ மெதுவா பாடு. அந்த ஆளுக்குக் கேக்கக் கூடாது."

"மெதுவா பாடுனா குண்டும் மெதுவாத்தான் விழும்லா துரை" என்றார் நானா.

நடுவில் பாய்மரத் துணியைக் கட்டி மறைத்தார்கள். பாட்டு துணிக்கு மேலே போயிற்று. பிறகு நானாவை நிறுத்திவிட்டு, ஊதலை ஊதி வேலை வாங்கிப் பார்த்தார்கள். அந்த ஒரு நாளில் இறங்கிய மரக்கால்கள் இன்றைக்கும் கள் குடித்தவனைப் போலச் சாய்ந்து நிற்கின்றன, போனால் பார்க்கலாம். மறுநாளே நானாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கழுத்துத் துணியை நிதானமாக அவிழ்த்து மடித்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் மேடை ஏறினார்.

இரண்டு பாலத்துக்கும் நடுவே கொஞ்சம் கல்படி இருந்தது. நாகப்பட்டணத்துப் படி என்று பெயர். பெரிய கப்பல் கடலில் நிற்கும். ஏழைப் பிரயாணிகளைத் தமிழ்ச் சாம்பான்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்து இந்தப் படியில்தான் இறக்குவார்கள். மூட்டை, முடிச்சு, கைக்குழந்தை, வாந்தியெடுத்து வதங்கிப்போன பெண்கள், எல்லாம் அங்கேதான் முதன்முதலாகப் பினாங்கை மிதிக்கும். நானும் அதில்தான் இறங்கினேன். பினாங்கில் பாதித் தமிழர்கள் அப்படி வந்தவர்கள்தான், இப்போது கோட்டும் தலைப்பாகையுமாகத் திரிந்தாலும் சரி.

ஒரு நாள் இரண்டு துரைமாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சோடா குடிப்பதைப் பார்த்தேன். அவர்கள் சண்டை போடுகிற வரைக்கும் நடுவில் நமக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. சமாதானமாகிவிட்டால் அந்த இடம் யாருக்கு என்று யோசிக்க வேண்டாமா?

நினைத்தபடியே ஆயிற்று. தனித்தனிப் பாலம் பெரிய கப்பலுக்குப் போதாதாம். இரண்டையும் சேர்த்து ஒரே மேடையாக்கிப் பாதிப் பாதி வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். சேர்க்கிற இடம் நாகப்பட்டணத்துப் படி. அன்று பொழுது சாய்ந்த பிறகு சிவப்புத் துரை சாம்பான்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க படி இல்லே. இனிமே அந்தப் பக்கம் போ. கொஞ்சம் சேறு இருக்கு. பரவாயில்லே."

ஒரு கிழச் சாம்பான்காரர், "இடுப்பளவு சேத்துல பொம்பளைங்கள எப்புடிங்க தொரை எறக்குறது? சேத்துல எறங்கணும்னா எங்க சாம்பான்ல எவன் ஏறுவான்? நாங்க எங்க போறது?" என்று கேட்டார்.

"நடக்கச் சொல்லு" என்றார் துரை.

எல்லாரும் நானாவைப் பார்த்தார்கள். அவரோ பொழுது சாய்ந்தால் பேசாதவர். கழுத்துத் துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். "நானாவும் துரை பக்கம் சாஞ்சுட்டாருலா" என்று ஒருவர் காறித் துப்பினார். எனக்கும் கோபம்தான்.

மறுநாள் காலை முதல் மரக்கால் அடிக்கும் சடங்கு. இரண்டு கொடிகள், பாண்டு வாத்தியம், தொப்பி வைத்த சீமாட்டிகள், எல்லாம் தயார். இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே கயிற்றின் பக்கத்தில் நின்றார்கள். அந்த இடத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் மரத்தை நிறுத்த முடியும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புது இடத்தில் முதல் மரம் அடிப்பதற்கு முன் சலாம் பாட்டுப் பாட வேண்டும். அந்தத் தண்ணீரோடு உறவுள்ளவர்களுக்கெல்லாம் பேர் சொல்லிச் சலாம் வைக்க வேண்டும். அது முடிந்து ‘ஐலசா’ சொல்லும் வரை ஒருவனும் கயிற்றைத் தொட மாட்டான். ஆரம்பித்த பாட்டை முடிக்காமல் கைவிடக் கூடாது, கடல் ஏறினால் மறுநாள் தொடரலாம், அதற்கு மேல் இன்னொருவன் புதிதாக ஆரம்பிக்கவும் கூடாது. மீறினால் மரம் ஆளைக் காவு வாங்கும் என்று ஆட்களுக்கு நம்பிக்கை. வழக்கமாக ஒரு வாய் வெற்றிலை மெல்லுவதற்குள் முடிந்துவிடும்.

நானா ஏறினார். நாகூர் தர்காவுக்குச் சலாம், தண்ணீர்மலை முருகனுக்குச் சலாம், சீனர் கோயிலுக்குச் சலாம். துரைமார் தலையாட்டினார்கள். பிறகு சாம்பான்காரர்களுக்குச் சலாம் வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக. செத்துப்போனவர்களையும் சேர்த்து. அவர்கள் முடிந்ததும் படியில் இறங்கியவர்களுக்கு. இன்ன ஊர் இன்னாருக்குச் சலாம், அவர் பெண்சாதிக்குச் சலாம், இடுப்பில் இருந்த பிள்ளைக்குச் சலாம்.

வெயில் ஏறியது. பாண்டுக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சீமாட்டிகள் வண்டி ஏறிவிட்டார்கள். சிவப்புத் துரையின் குடைக்குள் மீசைத் துரையும் வந்து ஒண்டினார். "இன்னும் எவ்வளவு என்று கேள்" என்று சிவப்புத் துரை என்னை அனுப்பினார். நானா பாட்டின் ராகத்தை விடாமலே எனக்குப் பதில் பாடினார்.

"இன்னும் நாகப்பட்டணமே முடியல தம்பி. காரைக்கால் இருக்கு, கடலூரு இருக்கு, மெட்ராஸ் இருக்குலா."

அதற்குள் கடல் ஏறிவிட்டது. அன்றைய வேலை போயிற்று. நானா துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த நாளும் அப்படியே. அக்கரையிலிருந்து வேறொரு பாட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். அவர் விஷயத்தைக் கேட்டார். "சலாம் முடியலியா? அப்ப நான் எப்புடி வாயத் தொறக்குறது?" என்று சொல்லிவிட்டு நானாவுக்குப் பின்பாட்டுப் பாட உட்கார்ந்துவிட்டார்.

சிவப்புத் துரை பஞ்சாபிப் போலீஸ்காரரைக் கூப்பிட்டார். நானா அவர் பெயரையும் கேட்டு ஒரு சலாம் வைத்தார். போலீஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி, தம் அண்ணன் பெயரையும் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். அதற்குப் பிறகு கடற்கரையே திரண்டது. கோப்பிக்கடைச் சீனர், மலாய்ப் படகுக்காரர், வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கிச் செட்டியார்கள், எல்லாரும் தங்கள் பேர் வருகிறதா என்று கேட்க வந்து நின்றார்கள்.

"என் பேரு எங்கே?" என்று கத்தினார் சிவப்புத் துரை.

"இருக்கு துரை. கடைசியா வந்தவங்க பேரு கடைசியிலதான்."

நாளாக ஆக நானாவின் குரல் கரகரத்தது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இதோடு நிறுத்தாவிட்டால் குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார். நானா அவருக்கும் ஒரு சலாம் வைத்தார்.

கடைசியில் மீசைத் துரைதான் இறங்கி வந்தார். படியைத் தொடாமல், இரண்டு பாலத்தையும் உயரத்தில் சேர்த்தால் சாம்பான் கீழே போகுமே என்று மணலில் குச்சியால் வரைந்தார். இரும்பு அதிகம் பிடிக்கும் என்று சிவப்புத் துரை குதித்தார். மறுபடி கொஞ்சம் அடித்துக்கொண்டு, பிறகு ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். நானா மேலிருந்து பார்த்தார்.

"கூட்டுச் சேர்றதுன்னா இதுக்குச் சேருங்க துரை. யாரு வேணாங்குறா?"

கயிற்றை உயரப் பாலத்துக்கான மரத்துக்கு மாற்றினார்கள். இரண்டு துரைமாருக்கும் சலாம் வைத்து, நானா ‘ஐலசா’ என்றார். பாதிதான் வெளியே வந்தது. மீதியை ஊரே சொல்லிற்று. குண்டு இறங்கியது.

அதன் பிறகு நானாவுக்குக் குரல் திரும்பவே இல்லை. பெரிய சண்டை வந்தது, மீசைத் துரையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கொடிகள் மாறின. படி இருக்கிறது. சாம்பான்கள் இன்றும் உயரப் பாலத்தின் கீழே நுழைந்து வந்து ஆட்களை இறக்குகின்றன. அந்தப் பாலத்தின் திறப்பு விழாவில் யார் யாரையோ புகழ்ந்தார்கள். நானாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு முறை கேட்டேன். "நானா, அந்தச் சலாமை மட்டும் கொஞ்சம் மெதுவாப் பாடியிருக்கலாமே? தொண்டையாவது தப்பியிருக்கும்."

அவர் என் காதருகே வந்து, காற்றை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னார். "பேரை மெதுவாச் சொன்னா அதுக்குப் பேரு சலாமா தம்பி?"

கம்பெனியில் நான் வெறும் கிராணி. வெளியிலும் எல்லாருக்கும் கிராணிதான். எதிர்க்கட்சிச் சம்பளம் வாங்கிக்கொண்டு துரையின் குடைப் பக்கத்தில் நின்ற என்னையும் அவர் விடவில்லை. மூன்றாம் நாள் என் பேரையும், என் ஊரையும், கப்பலில் என்னோடு வந்த என் அம்மாவின் பேரையும் நடுக்கடல் வரைக்கும் கேட்கும்படி சொல்லிச் சலாம் வைத்தார். அதற்குப் பிறகு யார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.